எண்ணாகமம் 33: வனாந்தரப் பாளயங்களை வரைபடத்தில் தேடுவது எப்படி?

தமிழ் வேதாகமத்தின் கடைசிப் பக்கங்களில், எகிப்திலிருந்து கானானுக்குச் சிவப்புக் கோடு ஓடும் ஒரு வரைபடம் பல பதிப்புகளில் இருக்கும். ராமசேஸ், மாரா, ஏலிம், ரெவிதீம், காதேஸ் என்று வரிசையாகப் புள்ளிகள் இடப்பட்டிருப்பதைப் பார்ப்பவர்கள், எல்லா இடங்களும் கண்டுபிடிக்கப்பட்டு அளந்து வைக்கப்பட்டிருப்பதாகவே எண்ணிக்கொள்வார்கள். உண்மையில் அந்தப் புள்ளிகளில் சில மிக உறுதியானவை. சில நல்ல ஊகங்கள். பல, வெற்றிடம் வேண்டாமே என்பதற்காக வைக்கப்பட்டவை. மூன்றையும் ஒரே மையில் அச்சிட்டதுதான் சிக்கல். எந்தப் புள்ளி எந்த வகை என்பதைத் தாமாகவே சோதித்தறிய விரும்பும் புதியவர்களுக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். எபிரெயமோ தொல்லியலோ கற்றிருக்க வேண்டியதில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், இணையத்தில் கிடைக்கும் செயற்கைக்கோள் வரைபடமும், கொஞ்சம் பொறுமையும் போதும்.

முதற்படி: பட்டியலை முழுமையாக எழுதுங்கள்

எண்ணாகமம் 33ஆம் அதிகாரம், "புறப்பட்டு, பாளயமிறங்கினார்கள்" என்ற ஒரே வாய்பாட்டில், ராமசேஸ் முதல் மோவாபின் சமனான வெளிகள் வரை 42 பெயர்களைத் தருகிறது. அவற்றை வசன எண்ணோடு ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு எதிரே, யாத்திராகமம் 12 முதல் 19 வரை, எண்ணாகமம் 10 முதல் 21 வரை, உபாகமம் 1, 2, 10 ஆகிய அதிகாரங்களில் அதே பெயர்கள் எங்கெல்லாம் வருகின்றன என்று குறியுங்கள். ஒரு மாலைப்பொழுது போதும். ஆனால் இந்த ஒரு பக்கம் உங்களைப் பல தவறுகளிலிருந்து காப்பாற்றும்.

ஏனெனில் பட்டியல்கள் ஒன்றோடொன்று முழுமையாக ஒத்துப்போவதில்லை. எண்ணாகமம் 33இல் மோசெரோத் முதலிலும் பெனெயாக்கான் அடுத்தும் வருகின்றன. உபாகமம் 10:6இல் வரிசை தலைகீழாக இருக்கிறது. ஆரோன் இறந்த இடம் முன்னதில் "ஓர்" என்னும் மலை, பின்னதில் மோசெரா. இவ்விரண்டையும் இணைத்து விளக்கம் சொல்வோர் பலர் உண்டு; அந்த விவாதத்துக்குள் இப்போது போக வேண்டாம். முரண்பாட்டை அப்படியே நோட்டில் பதிவு செய்து வையுங்கள். அதே பக்கத்தில் இன்னொன்றும் கண்ணில் படும்: ரித்மா முதல் அஸ்மோனா வரை 12 பெயர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன, பயணத்தை விவரிக்கும் மற்ற அதிகாரங்களில் அவற்றைப் பற்றி ஒரு நிகழ்ச்சிகூட இல்லை. அந்தப் பன்னிரண்டையும் ஒரு கட்டத்துக்குள் அடைத்துவிடுங்கள். கடைசியில் அங்கே வருவோம்.

இரண்டாம் படி: பெயரை எபிரெய எழுத்துக்குத் திருப்புங்கள்

தமிழ் வாசகருக்கென்றே காத்திருக்கும் பொறி இது. நம் எழுத்தில் எபிரெயத்தின் பல மெய்கள் ஒன்றாகிவிடுகின்றன. ஏலிமுக்கும் சீனாய்க்கும் இடையே ஒரு "சீன் வனாந்தரம்" வருகிறது. காதேசைச் சொல்லும்போதும் "சீன் வனாந்தரம்" வருகிறது. பழைய மொழிபெயர்ப்பை மட்டும் வைத்துப் படிப்பவர், மக்கள் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்தார்கள் என்று முடிவுகட்டிவிடுவார். எபிரெயத்தில் முதலாவது சாமெக் என்ற எழுத்திலும், இரண்டாவது த்சாடே என்ற எழுத்திலும் தொடங்குகின்றன. அவை இரண்டு வெவ்வேறு நிலப்பரப்புகள். இந்த எழுத்துகள் உங்களுக்குப் புதியவை அல்ல. 119ஆம் சங்கீதத்தின் பகுதித் தலைப்புகளாக ஆலெப், பேத், கிமெல் என்று அச்சிடப்பட்டிருப்பவைதான் அவை. அந்தச் சங்கீதத்தையே அகரவரிசை அட்டையாகப் பயன்படுத்தலாம்.

அதுபோலவே கேத் என்ற தொண்டையொலி தமிழில் பெரும்பாலும் மறைந்துவிடுகிறது. ஆஸரோத், ஆரதா, அஸ்மோனா, ஓரேப் ஆகிய நான்கும் எபிரெயத்தில் கேத் எழுத்தில் தொடங்குபவை. ஒத்த அரபிப் பெயரைத் தேடும்போது உயிரெழுத்தில் தொடங்கும் பெயரைத் தேடினால் கிடைக்காது. செங்கடலின் கதையும் இத்தகையதே: "சிவந்த சமுத்திரம்" என்று நாம் படிக்கும் இடத்தில் எபிரெயத்தில் "யாம் சூப்" என்றிருக்கிறது, "சூப்" என்பது நாணலைக் குறிக்கும் சொல். எனவே அது இன்றைய செங்கடலா, நாணல் வளரும் கழிமுக ஏரியா என்ற கேள்வி மூலத்திலேயே இருக்கிறது. "ஈரோத் பள்ளத்தாக்கு" என்று படிப்பதும் மூலத்தில் "பி ஹகிரோத்" என்ற ஓர் இடப்பெயரே. பள்ளத்தாக்கைத் தேடி அலைய வேண்டாம்.

எபிரெயம் தெரியாதவர்கள், ஒவ்வொரு சொல்லுக்கும் எண் தரும் ஸ்ட்ராங்ஸ் சொல்லடைவைப் பயன்படுத்தலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. உங்களுக்கு வேண்டியது மெய்யெழுத்துகள் மட்டுமே.

மூன்றாம் படி: கடைசியிலிருந்து தொடங்குங்கள்

புதியவர்கள் எல்லாரும் சீனாய் மலையிலிருந்து தொடங்குகிறார்கள். அது மிக மோசமான தொடக்கம். ஏனென்றால் மொத்தப் பட்டியலிலும் அதிகமாக விவாதிக்கப்படும் இடம் அதுதான். நடுவில் இருக்கும் உறுதியற்ற ஒரு புள்ளியை ஆணியாக அடித்துவிட்டால், முன்னும் பின்னும் உள்ள எல்லாப் பெயர்களையும் அதற்கேற்ப வளைக்கத் தோன்றும். மாறாக, பட்டியலின் இறுதிப் பகுதி இன்றைய ஜோர்தான் நாட்டில் விழுகிறது. அங்கே ஆணிகள் உண்மையிலேயே இறங்குகின்றன.

தீபோன்காத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாக்கடலுக்குக் கிழக்கே, அர்னோன் பள்ளத்தாக்குக்குச் சற்று வடக்கே தீபான் என்ற ஊர் இன்றும் இருக்கிறது. 1868இல் அங்கே கிடைத்த கருங்கல் கல்வெட்டில் மோவாபின் அரசன் மேசா தன்னைத் தீபோன் ஊரான் என்று அறிமுகப்படுத்திக்கொள்கிறான். காத் கோத்திரத்தார் நெடுங்காலமாக அந்தப் பகுதியில் குடியிருந்ததையும் சொல்கிறான். கி.மு. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தக் கல் இப்போது பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெயர், இடம், கல்வெட்டு மூன்றும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதால், இடம் எது என்பதில் ஐயமில்லை. ஆனால் இதே ஊரில் 1950களில் நடந்த அகழாய்வில், யாத்திரை நடந்ததாகப் பலர் கணிக்கும் கி.மு. 13ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பு அகப்படவில்லை. ஆகவே நோட்டில் இரண்டு தனித்தனிப் பத்திகள் வேண்டும்: "இடம் எது?" என்பது ஒன்று, "அந்தக் காலத்தில் அங்கே என்ன இருந்தது?" என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே பாதி வாக்குவாதங்கள் எழுகின்றன.

அங்கிருந்து பின்னோக்கி வந்தால் பூனோன். எனக்கு மிகப் பிடித்த எடுத்துக்காட்டு இதுவே. சாக்கடலின் தென்முனையிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தெற்கே, அரபா பள்ளத்தாக்கின் கிழக்கு விளிம்பில் ஃபைனான் என்ற வாதி இருக்கிறது. வாதி என்பது மழை பெய்தால் மட்டும் நீரோடும் காட்டாற்றுப் படுகை. எபிரெயத்தின் பகரம் அரபியில் ஃபகரமாவது முறையான ஒலிமாற்றம். இடையில் கிரேக்கர்களும் ரோமர்களும் இதே ஊரை ஃபைனோன் என்று எழுதியிருக்கிறார்கள். 4ஆம் நூற்றாண்டில் செசரியா நகர ஆயர் யூசிபியஸ் வேதாகம இடப்பெயர்களுக்கு ஓர் அகரவரிசை தொகுத்தபோது, அந்த ஊர் பெத்ராவுக்கும் சோவாருக்கும் நடுவே இருப்பதாகவும், செப்புச் சுரங்கங்கள் அங்கே இருப்பதாகவும் குறித்தார். தண்டனை பெற்ற கிறிஸ்தவர்கள் அச்சுரங்கங்களுக்கு அனுப்பப்பட்டது அவருடைய காலத்திலேயே நடந்தது. இன்றைக்கும் அங்கே போனால், காலடியில் கருங்கண்ணாடி போல் உடைந்து கிடப்பது செம்பு உருக்கியபோது வடிந்த கசடுதான். மேடு மேடாகக் குவிந்திருக்கிறது. சுற்றியுள்ள பாறைகளில் தாமிரத் தாதுவின் பச்சைக் கீற்று ஓடுவதையும் காணலாம். எண்ணாகமம் 21இல் வரும் வெண்கலச் சர்ப்பத்தின் கதை "ஓர்" மலைக்கும் ஓபோத்துக்கும் இடையே நடக்கிறது. 33ஆம் அதிகாரப் பட்டியலில் அதே இடைவெளியில்தான் பூனோன் நிற்கிறது. கதையில் பூனோன் என்ற பெயர் வரவில்லை என்பதால் இதை ஊகம் என்றே குறிக்க வேண்டும். ஆனால் நல்ல ஊகம்.

நான்காம் படி: பழைய சாட்சிகளை வயதுப்படி வரிசையாக்குங்கள்

ஓர் அடையாளத்தை யாராவது சொன்னால், அதை முதலில் சொன்னவர் யார், எந்த ஆண்டில் என்று கேளுங்கள். சீனாய்த் தீபகற்பத்தின் தென்பகுதியிலுள்ள மாரா, ஏலிம், ரெவிதீம் அடையாளங்களில் பல, அங்கே துறவிகள் குடியேறிய 4ஆம் நூற்றாண்டுக்குப் பிறகே தெளிவாகத் தெரிகின்றன. 380களில் அங்கே பயணம் செய்த எகேரியா என்ற பெண்மணியின் குறிப்புகள் அக்காலத்து யாத்திரிகர்களுக்கு என்னென்ன காட்டப்பட்டன என்பதைச் சொல்கின்றன. 1838இல் வந்த எட்வர்ட் ராபின்சனும், அரபி நன்கறிந்த அவருடைய தோழர் எலி ஸ்மித்தும் இந்த மரபுகளை ஒதுக்கிவைத்துவிட்டு, உள்ளூர் அரபிப் பெயர்களையே முதற்சாட்சியாகக் கொண்டார்கள். பிரிட்டிஷார் 1868–69இல் தீபகற்பத்தை அளந்தபோது, பெதூயின்கள் என்ற பாலைவன நாடோடிகளிடம் கேட்டுப் பெயர்களைத் திரட்டும் வேலை எட்வர்ட் பாமருக்குத் தரப்பட்டது. அந்தப் பழைய வரைபடங்கள் எண்ணிம வடிவில் கிடைக்கின்றன. இன்றைய வரைபடத்தைவிட அவற்றையே நம்புங்கள்.

இன்றைய வரைபடத்தை நம்பக் கூடாததற்குக் காரணம் உண்டு. இஸ்ரேலின் தென்கோடியிலுள்ள எயிலாத்துக்கு வடக்கே "யோத்வாத்தா" என்று எழுதியிருப்பதைப் பார்த்து, பட்டியலிலுள்ள யோத்பாத்தா கிடைத்துவிட்டது என்று மகிழ்பவர்கள் பலர். 1949இல் இஸ்ரேல் அரசு தென்பகுதிக்கு எபிரெயப் பெயரிட ஒரு குழுவை அமைத்தது. வேதாகமப் பெயர்கள் பல அதற்குப் பின் சூட்டப்பட்டவை. ஊருக்குப் பழைய அரபிப் பெயர் ஐன் கத்யான். அடையாளம் சரியாகவும் இருக்கலாம். ஏனெனில் உபாகமம் யோத்பாத்தாவை நீரோடைகள் உள்ள நாடு என்கிறது, அங்கே ஊற்றும் இருக்கிறது. ஆனால் வரைபடத்தில் உள்ள பெயர் அந்த ஊகத்தின் விளைவு. ஊகத்துக்கு அதுவே சான்றாக முடியாது.

கற்களும் இடம்பெயரும். நைல் கழிமுகத்தில் தானிஸ் என்ற ஊரில் இரண்டாம் ராம்சேசின் பெயர் பொறித்த சிலைகளும் தூண்களும் குவிந்து கிடந்ததால், வேதாகமத்தின் ராமசேஸ் அதுவே என்று அங்கே அகழ்ந்த பியர் மோந்தே உட்படப் பலர் கருதினார்கள். பின்னர்தான் உண்மை வெளிப்பட்டது: ராம்சேசின் தலைநகரம் சுமார் 20 கிலோமீட்டர் தெற்கே கந்தீர் என்ற சிற்றூரின் வயல்களுக்கு அடியில் இருக்கிறது. நைலின் கிளையாறு தூர்ந்துபோனதும் பின்வந்த அரசர்கள் அந்தக் கற்களைப் பெயர்த்துத் தானிசுக்குக் கொண்டுபோனார்கள்.

ஒலியொற்றுமையில் மயங்குவது இன்னொரு நோய். பட்டியலிலுள்ள தொப்காவை, எகிப்திய மொழியில் டர்க்காய்ஸ் என்னும் நீலப்பச்சைக் கல்லைக் குறிக்கும் "மஃப்கத்" என்ற சொல்லோடு இணைத்து, சீனாயிலுள்ள செராபித் எல் காதிம் சுரங்கத்தில் வைப்பவர்கள் உண்டு. முதல் மெய்யே பொருந்தவில்லை. நோட்டில் பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: நீரையும் நடையையும் அளந்து பாருங்கள்

உபாகமம் 1:2 அரிய வசனம்; ஓரேபிலிருந்து (சீனாய் மலையின் மற்றொரு பெயர்) சேயீர் மலைவழியாகக் காதேஸ்பர்னேயாவுக்குப் பதினொரு நாள் பயணம் என்று தூரத்தைச் சொல்கிறது. இதைச் செயற்கைக்கோள் வரைபடத்தின் அளவுகோலால் நீங்களே சோதிக்கலாம். சீனாய் மலை என்று மரபாகக் கருதப்படும் ஜெபல் மூசாவிலிருந்து காதேஸ் என்று கருதப்படும் ஊற்றுப்பகுதிக்கு நேர்க்கோட்டில் ஏறக்குறைய 240 கிலோமீட்டர். பதினொன்றால் வகுத்தால் நாளுக்கு ஏறக்குறைய 22 கிலோமீட்டர். ஒட்டகப் பயணிக்கு இயல்பான நடை. நன்று. இப்போது சவூதி அரேபியாவின் ஜெபல் அல்லாஸ் மலைதான் சீனாய் என்பவர்களின் கணக்கைப் போடுங்கள்: அங்கிருந்து அகபாவுக்கு 100 கிலோமீட்டர், அகபாவிலிருந்து ஊற்றுக்கு 136 கிலோமீட்டர், மொத்தம் மீண்டும் ஏறக்குறைய 240! இரு தரப்பும் இந்த வசனத்தைத் தமக்கே உரியதாகக் காட்டுவதன் இரகசியம் இதுதான். ஆனால் இஸ்ரேலின் தென்பகுதிப் பாலைநிலமான நெகேவிலுள்ள கார்கோம் மலையைச் சீனாய் என்பவர்களுக்கு இந்த வசனம் தொல்லை தருகிறது. அது ஊற்றிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர்தான், பதினொரு நாள் நடக்க அங்கே வழியில்லை. தூரம் ஒரு கருத்தை வெட்டித்தள்ள உதவும். மிஞ்சியவற்றில் ஒன்றைத் தேர்ந்துதராது.

நீரைப் பற்றியும் அப்படியே. ஏலிமுக்குப் பன்னிரண்டு நீரூற்றுகளும் எழுபது பேரீச்சமரங்களும் சொல்லப்பட்டிருப்பதால், மரம் எண்ணக் கிளம்பியவர்கள் ஒவ்வொரு தலைமுறையிலும் உண்டு. பேரீச்சமரம் மூவாயிரம் ஆண்டு நிற்பதில்லை. ஊற்று நிற்கலாம், எனவே மரத்தை விட்டுவிட்டு ஊற்றைத் தேடுங்கள். மேற்குக் கரையோரம் வாதி கரந்தல் பலராலும் ஏலிமாகக் கருதப்படுவது நிலையான நீருக்காகவே.

ஆறாம் படி: தரை என்ன சொல்கிறது?

காதேஸ்பர்னேயாவை வைத்தே இந்தப் படியைப் பழகலாம். வடகிழக்குச் சீனாயில் சுமார் 10 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊற்றுகள் உள்ளன. ஒன்று ஐன் காதேயிஸ். பெயரின் மெய்கள் எபிரெயக் காதேசோடு அப்படியே பொருந்துகின்றன. 1842இல் ஜான் ரோலண்ட்ஸ் இதைக் கண்டு அறிவித்தார். 1881இல் அங்கே போன ஹென்றி கிளே டிரம்புல் அதைச் சோலைவனமாக வருணித்துத் தடித்த நூலே எழுதினார். மற்றது ஐன் குதேய்ராத். பெயருக்கும் காதேசுக்கும் தொடர்பில்லை. 1914இல் லெனார்ட் வூல்லியும், பின்னாளில் "அரேபியாவின் லாரன்ஸ்" என்று புகழ்பெற்ற டி. ஈ. லாரன்சும் இரண்டையும் பார்த்தார்கள். முன்னது வறண்ட, சிறிய ஊற்று என்றும், பின்னதில் நீர் பெருகி ஓடுகிறது, வயல்கள் உண்டு, பழைய கோட்டை மேடும் உண்டு என்றும் எழுதினார்கள். பெயர் ஒரு பக்கம், நீரும் மேடும் மறுபக்கம். பெரும்பாலான அறிஞர்கள் இன்று குதேய்ராத் பக்கமே நிற்கிறார்கள். பெயர் பகுதி முழுவதற்கும் உரியதாக இருந்து, பின்னர் சிறிய ஊற்றோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம் என்பது அவர்கள் வாதம்.

அந்த மேட்டை 1976 முதல் 1982 வரை அகழ்ந்த ருடால்ஃப் கோஹன், ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று கோட்டைகளைக் கண்டார், முதலாவதைக் கி.மு. 10ஆம் நூற்றாண்டில் வைத்தார். கி.மு. 13ஆம் நூற்றாண்டுக் குடியிருப்பு வெளிப்படவில்லை. கூடாரத்தில் தங்கி ஆடு மேய்ப்பவர்கள் மண்ணில் எவ்வளவு தடம் விடுவார்கள் என்று சிலர் கேட்பார்கள், நியாயமான கேள்வியே. ஆனால் அந்தக் கேள்வி இல்லாததை இருப்பதாக்காது. நோட்டில் "இடம்: மிக வாய்ப்புள்ளது, காலம்: சான்றில்லை" என்று எழுதிவிட்டு நகருங்கள்.

பானையோடுகளை நாமே படிக்க முடியாது; அகழாய்வு அறிக்கையில் காலப்பகுப்பைப் பார்த்தால் போதும். ஆனால் அறிக்கையின் ஆண்டையும் பாருங்கள். பட்டியலிலுள்ள எசியோன்கேபேர் என்று கருதப்பட்ட தெல் கெலேபேயை 1938–40இல் அகழ்ந்த நெல்சன் குளூக், சாலொமோனின் செப்பு உலைக்கூடம் கிடைத்ததாக அறிவித்தார்; 1965இல் அவரே அந்தக் கருத்தைக் கைவிட்டார். 1980களில் ஓடுகளை மறுபடி ஆராய்ந்தபோது பெரும்பாலானவை கி.மு. 8 முதல் 6ஆம் நூற்றாண்டு வரையிலானவை என்று தெரிந்தது. பழைய வேதாகம அகராதிகளில் உலைக்கூடம் இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

நேரில் போக விரும்புவோருக்கு

புனித நாட்டுச் சுற்றுலாக்களில் சூயசுக்குத் தெற்கே ஐயூன் மூசா கிணறுகளில் பேருந்து நிற்கும். வழிகாட்டி மாரா என்பார். கேட்டுக்கொண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள், நோட்டில் "மரபு" என்று எழுதுங்கள். தேடலின் பொருட்டே போவதானால் ஜோர்தானைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தீபான், ஃபைனான் இரண்டையும் காரிலும் நடையிலும் எளிதில் பார்த்துவிடலாம். குதேய்ராத் எல்லையோர இராணுவப் பகுதியில் இருப்பதால் அந்த ஆசையைச் செயற்கைக்கோள் படத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 1960களில் எடுக்கப்பட்டு 1995இல் பொதுவெளிக்கு வந்த கொரோனா உளவுச் செயற்கைக்கோள் படங்களில், புதிய சாலைகளும் பண்ணைகளும் வருமுன் இருந்த தடங்கள் தெரியும், அவற்றையும் ஒப்பிடுங்கள். எங்கே போனாலும் ஓடோ கசடோ ஒரு துண்டுகூட எடுத்துவர வேண்டாம். எகிப்திலும் ஜோர்தானிலும் தொல்பொருளை வெளியே கொண்டுபோவது குற்றம்.

இனி, கட்டத்துக்குள் அடைத்துவைத்த பன்னிரண்டு பெயர்கள். ரித்மா என்பது ரோதெம் என்ற பாலைப் புதரின் பெயரிலிருந்து வந்தது, அரபியில் ரதம். எலியா சோர்ந்து படுத்ததும் அதே செடியின் அடியில்தான். நம் மொழிபெயர்ப்பில் அது சூரைச்செடி. காதேசிலிருந்து செங்கடல் வரை எந்த வாதியிலும் அது முளைக்கும். லிப்னா வெண்மையைக் குறிக்கும் பெயர். அதே பெயரில் யூதாவில் ஒரு நகரமும் உண்டு, அது இது அல்ல. வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை இல்லாத பள்ளத்தாக்கு அங்கே அரிது. இந்த வரிகளில் வசன எண்ணையும் எபிரெய மெய்களையும் பெயரின் பொருளையும் எழுதுங்கள்; இடம் என்ற பத்தியை வெறுமையாக விடுங்கள், பென்சிலால்கூட நிரப்ப வேண்டாம்.